பழைய ஆர்பிஜி கேம்கள் ஏன் இவ்வளவு கஷ்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பழைய ஆர்பிஜி கேம்களை ஆடுகிறவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள், உறவுக்காரப் பிள்ளைகள், ஆசையாக ஆட வந்து முதல் நாளே விட்டுப் போனவர்கள் என்று பலர் கேட்டதை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். பெரும்பாலும் 1981-ல் வந்த விஸார்ட்ரி என்ற கேமைச் சுற்றித்தான் பேசுவேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

ஆர்பிஜின்னா என்னங்க? சும்மா சண்டை போடற கேம்தானே?

ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம். சண்டை உண்டு. ஆனால் அதில் உங்கள் கைவேகத்துக்கு வேலை இல்லை. ஒரு வீரரையோ ஒரு குழுவையோ நீங்களே உருவாக்குகிறீர்கள். பலம், அறிவு, உயிர்ப்புள்ளி என்று அவர்களுக்கு எண்கள் இருக்கும். யார் யாரை அடிப்பது, எந்த மந்திரத்தைச் சொல்வது என்பது உங்கள் முடிவு. அடி விழுந்ததா இல்லையா என்பதை அந்த எண்களும் பகடையும் பார்த்துக்கொள்ளும்.

இதன் வேர் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காகிதம், பென்சில், பகடையோடு நண்பர்கள் கூடி உட்கார்ந்து ஆடுவது. அதைக் கம்ப்யூட்டரில் தனியாக ஆட ஆசைப்பட்டவர்கள் எழுதியவைதான் இந்தப் பழைய கேம்கள்.

அப்படி என்ன பெரிய கஷ்டம்? வீடியோல பார்த்தா கோடு கோடா ஒரு குகைதானே தெரியுது?

அந்தக் கோடுகள்தான் விஸார்ட்ரி. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இரண்டு பேர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுத, சர்-டெக் நிறுவனம் வெளியிட்டது. ஆறு பேர் கொண்ட குழுவோடு பத்துத் தளம் கொண்ட சுரங்கத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். திரையில் மேப் கிடையாது. அடித்தளத்தில் வெர்ட்னா என்ற மந்திரவாதி இருக்கிறான். ஆண்ட்ரூ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர் அது. அவனைக் கொன்று தாயத்தை மீட்டு வர வேண்டும்.

முதல் தளத்தின் முதல் சண்டையிலேயே ஆறு பேரும் சாகலாம். மந்திரவாதிக்கு ஆரம்பத்தில் இரண்டு தடவை மந்திரம் சொல்லத்தான் சக்தி. அது தீர்ந்தால், மேலே ஊருக்கு ஏறிப் போய் விடுதியில் தூங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். லெவல் ஏறுவதும் அந்த விடுதியில்தான். சுரங்கத்துக்குள் சில கட்டங்களில் கால் வைத்தால் சத்தமில்லாமல் உங்களை வேறு பக்கம் திருப்பிவிடும். நீங்கள் வடக்கே போவதாக நினைத்துக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருப்பீர்கள். விளக்கே எரியாத இருட்டுப் பகுதிகள் உண்டு. பார்க்கப் பாவமாக இருக்கும் ஒரு முயல் பாய்ந்து கழுத்தைத் துண்டித்துவிடும். இன்னும் கீழே போனால் சில பேய்கள் தொட்ட மாத்திரத்தில் பாடுபட்டு ஏற்றிய லெவலையே இறக்கிவிடும்.

இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய கஷ்டம் இல்லை. ஊரிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதுதான் கஷ்டம். முன்னே வைக்கிற ஒவ்வொரு அடியையும் திரும்பி ஒருமுறை நடந்தாக வேண்டும், அதுவும் காயத்தோடும் தீர்ந்துபோன மந்திரத்தோடும்.

செத்தா செத்ததுதானா? கடைசி சேவ்ல இருந்து ஆடிக்கலாமே?

நாம் பழகிய சேவ் விஸார்ட்ரியில் இல்லை. ஆள் இறந்த உடனே கேம் அதை டிஸ்க்கில் எழுதிவிடும். ஊரில் கான்ட் கோயில் என்று ஒன்று இருக்கிறது. பிணத்தைக் கொண்டுபோய்க் காசு கட்டினால் உயிர்ப்பிக்க முயற்சி செய்வார்கள். முயற்சிதான், உறுதி கிடையாது. தவறினால் பிணம் சாம்பலாகும். சாம்பலுக்கு இன்னும் அதிகக் காசு. அதிலும் தவறினால் அந்த ஆள் நிரந்தரமாகப் போய்விட்டார் என்று அறிவித்து, பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எனக்குச் செண்பகம் என்று ஒரு மந்திரவாதி இருந்தாள். நாலாம் தளத்தில் விழுந்தாள். மீதி ஐந்து பேரும் அவளைச் சுமந்துகொண்டு ஊர் வந்து, இருந்த காசையெல்லாம் கோயிலில் கொட்டினோம். சாம்பல். மறுபடி இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக ஆடிக் காசு சேர்த்துப் போனேன். அன்றைக்கு அவள் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். ஒரு கேம் என்னை அப்படி ஆக்கும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

குழுவே ஒட்டுமொத்தமாக இறந்தால் வேறு கதை. ஆறு பிணங்களும் விழுந்த கட்டத்திலேயே கிடக்கும். புதிதாக ஆட்களை உருவாக்கி, பழக்கி, அதே இடத்துக்கு அனுப்பி மீட்கலாம். ஆனால் குழுவில் மொத்தம் ஆறு இடம்தான். ஆறு பேராகப் போனால் யாரையும் தூக்கிவர இடமிருக்காது. நாலு பேராகப் போனால் இரண்டு பேரைத்தான் மீட்கலாம், அதுவும் அந்த நாலு பேர் அவ்வளவு ஆழம் தாங்கினால். யாரை முதலில் கொண்டுவருவது என்று யோசித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், எந்தக் கதாசிரியரும் எழுதித் தராத ஒரு கதை அங்கே நடக்கிறது.

இதுல என்ன சுகம்? வேலைல படற பாடு போதாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "ஜெயிக்கும்போது வரும் சந்தோஷம்" என்று பதில் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. வெர்ட்னாவைக் கொன்ற நாள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருப்பது திரும்பி வந்த நாட்கள். பூசாரியிடம் ஒரே ஒரு குணமாக்கும் மந்திரம் பாக்கி, முன்வரிசை வீரர் ஒருவருக்கு விஷம், எதிரே இதுவரை திறக்காத ஒரு கதவு. உள்ளே நல்ல வாள் இருக்கலாம். திறக்கலாமா, திரும்பலாமா?

அந்தக் கேள்விக்கு எடை இருக்க வேண்டும் என்றால் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். சாவுக்கு விலையே இல்லாத கேமில் கதவைத் திறப்பதில் யோசிக்க எதுவும் இல்லை. திறந்து பார்த்துவிட்டு, செத்தால் மறுபடி வரலாம். பழைய ஆர்பிஜிகளின் கஷ்டம் எதிரியின் பலத்தைவிட இந்த இடத்தில்தான் அதிகம் வேலை செய்கிறது. ஒரு சாதாரண மரக்கதவை அது பெரிய விஷயமாக ஆக்கிவிடுகிறது.

வேலைப் பாட்டோடு ஒப்பிடுவதும் சரியாக வராது. வேலையில் படும் பாட்டில் விதிகள் பாதியில் மாறும், நம் தப்பில்லாததற்கும் நாம் பதில் சொல்ல வேண்டிவரும். இங்கே விதி மாறாது. நேற்று என்னைக் கொன்றது இன்றும் அதே இடத்தில், அதே குணத்தோடு இருக்கிறது. நான்தான் மாறி வர வேண்டும். அது எனக்கு ஓய்வாகவே இருக்கிறது.

எல்லாம் பகடைதானே? அதிர்ஷ்டம் இருந்தா ஜெயிப்போம், இல்லாட்டி போச்சு. இதுல திறமை எங்க வருது?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதம் ஆடியிருப்பீர்கள். கட்டையை உருட்டினால் காய் நகர்கிறது. பாம்பு கடித்தால் இறக்கம், ஏணி வந்தால் ஏற்றம். நீங்கள் முடிவு செய்வது ஒன்றுமில்லை. விஸார்ட்ரியிலும் பகடை உருள்கிறது. ஆனால் உருட்டலாமா வேண்டாமா என்பது உங்கள் கையில்.

சண்டை முடிந்ததும் கிடைக்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் இருக்கும், பூட்டில் பொறியும் இருக்கலாம்: விஷ ஊசி, வெடி, குழுவையே அதே தளத்தில் எங்கோ தூக்கிப் போடும் பொறி. திருடனை விட்டுச் சோதித்தால் அவன் தப்பாகவும் சொல்வான். பொறியைக் கண்டறியும் பூசாரியின் கால்ஃபோ மந்திரம் அவனைவிட நம்பகமானது, ஆனால் அதற்குச் செலவாகும் சக்தியை எதிரி மந்திரவாதிகளின் வாயை அடைக்கும் மந்திரத்துக்கு வைத்திருக்கலாம். பெட்டியைத் திறக்காமல் விட்டுப் போவதும் ஒரு வழிதான். புதியவர்கள் எல்லாப் பெட்டியையும் திறப்பார்கள். பழகியவர்கள், ஊருக்குப் பக்கத்தில் இருக்கும்போது திறந்து, தூரத்தில் இருக்கும்போது விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. முதல் நாளில் எல்லோரும் ஹலிட்டோ என்ற நெருப்பு மந்திரத்தைத்தான் சொல்வார்கள், ஓர் எதிரி எரிவான். காட்டினோ என்று ஒரு தூக்க மந்திரம் இருக்கிறது. அது ஒரு கூட்டத்தையே தூங்கவைத்து, திருப்பி அடிக்க முடியாமல் செய்யும். அதே சக்தி, அதே செலவு. நெருப்பை விட்டுத் தூக்கத்துக்கு மாறிய நாளில் முதல் தளத்தின் பயம் பாதி போய்விடும். பகடை அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் காலத்துல கேம் சின்னது. இழுத்தடிக்கத்தான் கஷ்டமா வெச்சாங்கன்னு சொல்றாங்களே?

இதில் உண்மை இருக்கிறது. 1986-ல் வந்த ஜப்பானிய ஆர்பிஜியான முதல் டிராகன் குவெஸ்ட் மொத்தமும், கேம் பெட்டியில் செருகும் 64 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன உலகத்தில் பல நாள் ஆடவைக்க வேண்டும் என்றால் லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளியை மெதுவாகத்தான் தருவார்கள்.

ஆனால் விஸார்ட்ரியில் இந்த வாதம் ஒரு இடத்தில் இடறுகிறது. நாலாம் தளத்தில் ஒரு கடுமையான சண்டையை ஜெயித்தால் நீல ரிப்பன் ஒன்று கிடைக்கும். அதை வைத்திருந்தால் லிஃப்ட்டில் நேராக ஒன்பதாம் தளத்துக்கு இறங்கலாம். ஐந்து முதல் எட்டு வரை நான்கு தளங்களை மிதிக்கவே வேண்டாம். இழுத்தடிப்பதுதான் நோக்கம் என்றால், பாதிச் சுரங்கத்தைத் தாண்டிப் போக வழி வைத்திருப்பார்களா?

டிராகன் குவெஸ்ட் ஈஸியாச்சே? அதை எப்படி இதோட சேர்க்கறீங்க?

டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரிக்கு விஸார்ட்ரி மிகவும் பிடிக்கும். அதில் கிடைத்த அனுபவத்தை, கம்ப்யூட்டரே பார்க்காத ஜப்பானியப் பிள்ளைகளுக்கும், டிவியில் மாட்டி ஆடும் நின்டென்டோவின் ஃபேமிகாமில் கொடுக்க விரும்பினார். அதனால் சாவின் விலையைக் குறைத்தார், ஆனால் இலவசமாக்கவில்லை. செத்தால் ராஜா முன்னால் எழுந்திருப்பீர்கள். அவர் ஒரு பேச்சுப் பேசுவார். கையிலிருந்த தங்கத்தில் பாதி போயிருக்கும். அனுபவப் புள்ளி முழுசாக இருக்கும். ஆகவே எத்தனை தடவை செத்தாலும் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே இருப்பீர்கள்; பொறுமை இருந்தால் யாரும் முடிக்கலாம்.

அந்த உலகத்தில் தடுப்புச் சுவர் அதிகம் இல்லை. பாலம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் எதிரிகள் ஒரு படி பலமாகிவிடுவார்கள். போகாதே என்று யாரும் மறிக்க மாட்டார்கள். மேலே சொன்ன கதவும் இந்தப் பாலமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. என் கண்ணுக்கு இது விஸார்ட்ரியைவிட அழகான வடிவமைப்பு, ஏனென்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

அப்ப கஷ்டமா இருந்தாலே நல்ல கேமா?

இல்லவே இல்லை. 1987 ஜனவரியில் வந்த டிராகன் குவெஸ்ட் 2-ன் கடைசிப் பகுதி ரொண்டார்கியா. அங்கே போகும் குகையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும் பாதைகள். அதைக்கூட மேப் போட்டுச் சமாளிக்கலாம். வெளியே வந்த பிறகுதான் பிரச்சினை. பனி எதிரிகள் குழுவையே குறிவைத்துச் சாவு மந்திரம் சொல்லும். டெவில் லார்ட் என்ற எதிரி தன்னையே பலி கொடுத்து எல்லோரையும் கொல்லும். நீங்கள் என்ன லெவலில் இருந்தாலும், என்ன திட்டம் போட்டாலும் அந்த ஒரு மந்திரத்தில் எல்லாம் முடிந்துவிடலாம். முன்கூட்டியே செய்ய உங்களுக்கு எதுவும் இல்லை. நான் பரமபதம் என்றது இதற்குத்தான் பொருந்தும்.

அப்புறம் பாஸ்வேர்டு. அந்த கேமின் ஃபேமிகாம் பதிப்பில் சேவ் கிடையாது. அதிகபட்சம் 52 ஜப்பானிய எழுத்துகளைப் பேப்பரில் எழுதிவைத்து, அடுத்த நாள் அப்படியே தட்ட வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் எழுத்துகளில் ஒன்றை மாற்றி எழுதியிருந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. இதைக் கஷ்டம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கேட்ரிட்ஜின் குறை.

1987 டிசம்பரில் வந்த இன்னொரு ஜப்பானிய ஆர்பிஜியான முதல் ஃபைனல் ஃபேன்டசியில் இரண்டும் கலந்திருக்கிறது. சதுப்பு நிலக் குகையில் இறங்கி, கிரீடத்தைக் காக்கும் கூட்டத்தை அடித்து, மந்திரமெல்லாம் தீர்ந்த நிலையில் அதே வழியாக நடந்தே வெளியே வர வேண்டும். அது அருமையான கஷ்டம். அதே கேமில் அறிவு என்ற எண்ணை ஏற்றினாலும் மந்திரத்தின் பலம் கூடாது. நிரல் எழுதியதில் நேர்ந்த பிழை அது. பலத்தைக் கூட்டும் ஒரு மந்திரமும் வேலை செய்யாது. விதியை நம்பி ஆடுகிறவரை விதியே ஏமாற்றினால் அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

லெவல் ஏத்திக்கிட்டே இருந்தா எந்த கேமும் ஈஸிதானே? அதுக்குப் பேர்தான் கிரைண்டிங்?

சில கேம்களில் ஆமாம். விஸார்ட்ரியின் முதல் தளத்திலேயே மர்ஃபியின் பேய் என்று ஒன்று குறிப்பிட்ட அறையில் இருக்கும். அடி பலமாக விழாது, அனுபவப் புள்ளி அள்ளித் தரும். அதையே அடித்துக்கொண்டு கிடந்தவர்கள் ஏராளம். நானும் செண்பகத்துக்குப் பிறகு புதிதாக ஒருத்தியை வளர்த்தது அங்கேதான்.

1980-ல் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் வந்த ரோக் என்ற கேம் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது: பசி. சாப்பாடு அளவோடுதான் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்று சின்ன எதிரிகளை அடித்துக்கொண்டிருந்தால் பட்டினியில் சாவீர்கள், ஆகவே இறங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுரங்கம் புதிதாக அமையும். செத்தால் அத்தோடு சரி, முதலிலிருந்து. நேற்று நீல நிற மருந்து குணமாக்கியது என்றால் இன்று அதே நீலம் கண்ணைக் குருடாக்கலாம். அதில் வளர்வது திரையில் இருக்கும் ஆள் இல்லை, ஆடுகிறவர்.

2003-ல் ஜப்பானில் வந்து பின்னர் விரிவாக்கப்பட்ட ஷின் மெகாமி டென்செய் 3 இன்னொரு விதம். அதில் மட்டடோர் என்று ஒரு பாஸ், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரி. உங்கள் அடி தவறினால் ஒன்றுக்கு இரண்டு வாய்ப்பு பறிபோகும் என்பது அந்த கேமின் விதி. அவனோ தன் வேகத்தை உச்சிக்கு ஏற்றிக்கொள்வான், நீங்கள் வீசுவதெல்லாம் காற்றில் போகும். லெவலை மட்டும் நம்பிப் போனவர்கள் அவனிடம் நொந்துபோய்த் திரும்புவார்கள். அவன் வேகத்தை இறக்கும் மந்திரம், காற்றுத் தாக்குதலைத் தாங்கும் கூட்டாளி, இந்த இரண்டும் இருந்தால் குறைந்த லெவலிலும் வீழ்த்தலாம். அதுவரை பலரும் சீண்டாத மந்திரங்களின் அருமையை அவன் ஒருவனே புரியவைத்துவிடுவான்.

மேப்பை நாமளேவா வரையணும்? அதெல்லாம் யார் செய்வாங்க?

நான் செய்தேன். பள்ளிக்கூடக் கிராஃப் நோட்டு ஒன்று போதும். மேலே சொன்ன 20-க்கு 20 கட்டம் ஒரு பக்கத்தில் அழகாக அடங்கும். சுவருக்குக் கோடு, கதவுக்குச் சின்னப் பிறை, திருப்பிவிடும் கட்டத்துக்கு ஒரு சுழி. சந்தேகம் வந்தால் டுமாபிக் மந்திரம் சொன்னால் எந்தக் கட்டத்தில், எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்று தெரியும். அதற்கும் மந்திரச் சக்தி செலவு. ஒரு தளத்தை முழுதாக வரைந்து முடித்ததும் அந்த இடம் உங்களுடையதாகிவிடும். இருட்டிலும் நடக்கலாம்.

வரைய விருப்பம், நோட்டு வேண்டாம் என்றால் 2007-ல் இரண்டு திரை கொண்ட நின்டென்டோ டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த எட்ரியன் ஒடிஸி இருக்கிறது. மேல்திரையில் சுரங்கம், கீழ்த்திரையில் கட்டம் போட்ட தாள். பேனாவால் நீங்களே வரையலாம்.

கைடு பார்த்து ஆடினா தப்பா?

தப்பு என்ற பேச்சே இல்லை. பழைய காலத்திலும் யாரும் தனியாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்கவில்லை. 1984-ல் நாம்கோ வெளியிட்ட டவர் ஆஃப் டிருவாகாவில் 60 தளம். தளத்துக்குத் தளம் ஒளிந்திருக்கும் பெட்டியை வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் குறிப்பும் கிடையாது. காசு போட்டு ஆடும் ஜப்பானிய ஆர்க்கேடு கடைகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கண்டுபிடித்தவர்கள் எழுதிவிட்டுப் போக, அடுத்தவர்கள் படித்து ஆடினார்கள்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். கேமோடு அச்சில் வந்த கையேட்டில் இருந்த எதையும் தாராளமாகப் பார்க்கலாம். விஸார்ட்ரியின் ஆப்பிள் பதிப்பில் மந்திரத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும், அந்தப் பட்டியல் இல்லாமல் ஆடவே முடியாது. ஆனால் மேப்பைப் பார்க்க மாட்டேன். இரண்டு நாள் முட்டி நின்றால், பழகிய ஒருவரிடம் விடையைக் கேட்காமல் ஒரு துப்பு மட்டும் கேட்பேன்.

எம்யுலேட்டர்ல சேவ் ஸ்டேட் போட்டு ஆடறேன். இது ஏமாத்துதானே?

பழைய கேமைப் புதுக் கருவியில் ஓட்டும் மென்பொருள்தான் எம்யுலேட்டர்; எந்த நொடியையும் அப்படியே பதிந்துவைத்து, அங்கிருந்தே திரும்ப ஆடவைப்பது சேவ் ஸ்டேட். 1981 கேமிலேயே ஆட்கள் இதுபோல ஒன்றைச் செய்தார்கள். குழு சாகப்போகிறது என்று தெரிந்ததும், கேம் எழுதுவதற்கு முன் டிஸ்க் டிரைவின் மூடியைத் திறந்துவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு முன்னோர்கள் உண்டு.

சேவ் ஸ்டேட்டை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். குழந்தை அழுகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது, அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போக வேண்டும் என்றால் போடுங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. விஸார்ட்ரியே குழுவைச் சுரங்கத்தில் விட்டுவிட்டுப் போய் அப்புறம் தொடர வழி தருகிறது. ஆனால் கதவைத் திறப்பதற்கு முன் சேவ், செத்தால் மறுபடி அந்தச் சேவிலிருந்து என்று போனால், கதவின் எடை போய்விடும். நீங்கள் சுரங்கத்தைப் பார்த்திருப்பீர்கள், அதற்குள் இருந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாதம் அப்படி ஆடிவிட்டு, அலுத்துப்போய், பிறகு சேவ் இல்லாமல் ஆரம்பித்து அதே கேமில் மூழ்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்ப வர ரீமேக்ல எல்லாம் ஈஸி மோட் இருக்கே. பழைய ஆளுங்களுக்குக் கோபம் வராதா?

எனக்கு வராது. இது புதிதும் இல்லை. 1991-ல் ஃபைனல் ஃபேன்டசி 4 வந்த சில மாதங்களிலேயே ஜப்பானில் எளிய பதிப்பு ஒன்றைத் தனியாக விற்றார்கள். 2024-ல் வந்த டிராகன் குவெஸ்ட் 3 ரீமேக்கில் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே இறங்காத முறையே இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி பிக்சல் ரீமாஸ்டரின் கன்சோல் பதிப்பில் எதிரிகள் வராமல் அணைத்துவைக்கலாம், அனுபவப் புள்ளியை நாலு மடங்காக்கலாம். கதைக்காக ஆடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அந்த உலகத்துக்குள் வரட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பழைய கேமில் இருந்த கஷ்டத்தின் அளவு எது என்று ரீமேக் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதிகக் கஷ்டம் என்று பெயர் போட்டு எதிரியின் உயிர்ப்புள்ளியை மூன்று மடங்காக்கி வைப்பதை நான் கஷ்டத்தோடு சேர்ப்பதில்லை. அதே முடிவை மூன்று மடங்கு நேரம் எடுக்கச் செய்வது, அவ்வளவுதான்.

டார்க் சோல்ஸ்தான் இதோட வாரிசா?

ஓரளவுக்கு. ஃப்ரம்சாஃப்ட்வேர் 1994-லேயே கிங்ஸ் ஃபீல்டு என்று, நம் கண் வழியாகப் பார்க்கும் சுரங்க கேம் செய்த நிறுவனம். 2009-ல் ஹிடேடகா மியாசாகியின் டீமன்ஸ் சோல்ஸ், 2011-ல் டார்க் சோல்ஸ். செத்தால் சேர்த்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், போய் மீட்க வேண்டும், வழியில் மறுபடி செத்தால் போச்சு. பிணம் மீட்கப் போகும் விஸார்ட்ரிக் குழு நினைவுக்கு வருகிறதா? ஓய்விடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திரும்பலாமா என்ற அதே உதறல் அங்கேயும் உண்டு.

வித்தியாசம், அங்கே கையும் பழக வேண்டும். உருண்டு தப்பிக்கும் நொடியைக் கண்ணும் விரலும் கற்க வேண்டும். விஸார்ட்ரியில் காப்பி குடித்துவிட்டு வந்து யோசிக்கலாம், எதிரி காத்திருப்பான். எனக்கு இந்த நிதானம்தான் பிடிக்கும்.

வேலை, குடும்பம்னு ஒரு நாளைக்கு அரை மணிதான் கிடைக்கும். எதுல ஆரம்பிக்கட்டும்?

அரை மணி நேரத்துக்கு விஸார்ட்ரி வடிவமே பொருத்தம்: இறங்கு, இரண்டு மூன்று சண்டை, ஏறி வா, தூங்கு. டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த ரீமேக் 2024-ல் முழுமையாக வந்தது. படம் புதிது, அடியில் ஓடுவது அதே ஆப்பிள் 2 கேம். அதைத் திரையின் மூலையில் அப்படியே பார்க்கவும் செய்யலாம். பழைய விதிகளில் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ளவும் வழி இருக்கிறது.

ஒரு சின்ன உத்தி. விடுதியில் காசு கட்டி அறையில் தூங்கினால் காயம் ஆறும், ஆனால் வாரக்கணக்கில் வயதும் ஏறும். குதிரைத் தொழுவத்தில் இலவசமாகத் தூங்கினால் காயம் ஆறாது, மந்திரச் சக்தி மட்டும் திரும்பும். பூசாரியைத் தொழுவத்தில் தூங்கவைத்து, அவர் மந்திரத்தால் மற்றவர்களைக் குணமாக்கி, மறுபடி தூங்கவையுங்கள். காசு மிச்சம், வயதும் மிச்சம். மிகவும் பயமாக இருந்தால் முதல் டிராகன் குவெஸ்ட்டில் தொடங்குங்கள். அது கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

என் பையனுக்கு ஒன்பது வயசு. ஆள் செத்ததும் அழறான். குழந்தைக்கு இதெல்லாம் தேவையா?

விஸார்ட்ரி வேண்டாம். செண்பகம் போனதை நானே தாங்க நாளாயிற்று. டிராகன் குவெஸ்ட் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கையை நீட்டாதீர்கள். அழுதால் அழட்டும். தங்கம் பாதி போனது அவனுக்கு உண்மையான நஷ்டம், அதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். எங்கே வைத்துச் செத்தோம் என்று மட்டும் கேளுங்கள்.

என் அக்கா பையன் முதல் நாள் பாலத்தைத் தாண்டி ஓடி, சேர்த்த தங்கத்தில் பாதியை இழந்து, போனைக் கட்டிலில் எறிந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி ஆடினான். பாலத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றான். பையைத் திறந்து மூலிகை எத்தனை இருக்கிறது என்று எண்ணினான். இரண்டு. "இன்னிக்கு வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பினான்.